க்ரேயானை உருக்கி ஒரு சுவரோவியம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேன்வாஸின் மேல் விளிம்பில் மெழுகு க்ரேயான்களை வரிசையாக ஒட்டி, ஹேர் டிரையரால் சூடு காட்டி, வண்ணங்களைக் கீழே வழியவிட்டுச் செய்யும் சுவர் அலங்காரம் பற்றி வந்த கேள்விகள் இங்கே. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் அவற்றை ஒரே கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம்.

இதுவரை செய்ததில்லை. 12-க்கு 16 அங்குல கேன்வாஸ் வாங்கி வைத்திருக்கிறேன். எத்தனை க்ரேயான் வேண்டும், எப்படி ஒட்டுவது, எவ்வளவு நேரம் சூடு காட்டுவது? ஆரம்பத்திலிருந்து சொல்லுங்களேன். – வாசகி, திருச்சி

கேன்வாஸை நெட்டுவாக்கில் வையுங்கள். 12 அங்குலப் பக்கம் மேலே வரட்டும். வழக்கமான மெல்லிய க்ரேயானின் பருமன் ஏறக்குறைய 8 மி.மீ. 12 அங்குலம் என்பது 305 மி.மீ. கணக்குப்படி 38 பிடிக்கும். இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் இடம் விட்டால் 36 போதும். 24 வண்ண டப்பா இரண்டு வாங்கினால் வேண்டாத நிறங்களை ஒதுக்கிவிடலாம். ஜம்போ க்ரேயான் வேண்டாம். அதன் நடுப்பகுதிவரை சூடு ஏறுவதற்குள் வெளிப்பக்கம் உருகி ஓடிவிடும்.

க்ரேயானைச் சுற்றியுள்ள காகிதத்தை முழுக்க உரிக்காதீர்கள். கூர்முனைப் பக்கம் மட்டும் 2 செ.மீ. அளவுக்கு உரித்துவிட்டு மீதியை அப்படியே விடுங்கள். முனையிலும் காகிதம் இருந்தால் உருகிய மெழுகு உள்ளேயே தேங்கி, திடீரென்று மொத்தமாகக் கொட்டும். முழுக்க உரித்துவிட்டாலோ பசை பிடிக்காது. பசை ஒட்டுவது காகிதத்தோடுதான், மெழுகோடு அல்ல.

ஒட்டுவதற்கு குளூ கன்தான் சரி. வெள்ளைப் பசை காய நேரமாகும், சூட்டில் இளகவும் செய்யும். குளூ கன் பசையும் சூட்டில் இளகக்கூடியதுதான்; ஆனால் க்ரேயான் உருகும் சூட்டைவிட அதற்குக் கூடுதல் சூடு வேண்டும். அந்த இடைவெளிதான் நமக்குச் சாதகம். ஒவ்வொரு க்ரேயானின் முதுகிலும் நீளவாக்கில் ஒரு கோடு பசை. முனையிலிருந்து 2 செ.மீ. மேலேயே பசையை நிறுத்திவிடுங்கள். கூர்முனை கீழே பார்க்க, ஒன்றையொன்று தொட்டபடி ஒட்டி, பத்து எண்ணும்வரை அழுத்திப் பிடியுங்கள். எல்லாம் ஒட்டியதும் பத்து நிமிடம் ஆறட்டும்.

அடுத்தது இடம். தரையில் செய்தித்தாளை இரண்டு மூன்று அடுக்காக விரித்து, அதன் மேல் கேன்வாஸைச் சுவரில் சற்றே சாய்த்து வையுங்கள். பின்னால் இருக்கும் சுவரையும் தாளால் மூடிவிடுங்கள், மெழுகு தெறிக்கும். இரண்டு பக்கமும் பழைய அட்டைப்பெட்டித் துண்டை நிறுத்திவைத்தால் இன்னும் நல்லது. மின்விசிறியை அணைக்க மறக்காதீர்கள். விசிறிக் காற்றில் மெழுகு பாதி வழியிலேயே உறைந்துவிடும். ஆனால் ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

டிரையர் 1,200 வாட்ஸாவது இருக்கட்டும். சூட்டுக்கும் வேகத்துக்கும் தனித்தனிப் பொத்தான் இருந்தால் சூடு அதிகம், வேகம் குறைவு. க்ரேயான் முனைக்கு 5 முதல் 8 செ.மீ. தள்ளி, காற்று மேலிருந்து கீழ்நோக்கி அடிக்கும்படி பிடியுங்கள். பக்கவாட்டில் பிடித்தால் மெழுகு பக்கத்து நிறத்தின் மேல் பறந்து விழும். ஒரு ஓரத்தில் தொடங்கி நாலைந்து க்ரேயானாக முன்னேறுங்கள். முதல் இரண்டு மூன்று நிமிடம் ஒன்றுமே நடக்காது. பிறகு முனை ஈரம் பட்டதுபோல் மினுங்கும். அடுத்து ஒரு சொட்டு திரண்டு நிற்கும். அது இறங்கத் தொடங்கியதும் காற்றை அந்தச் சொட்டின் பின்னாலேயே மெதுவாகக் கீழே கொண்டுபோங்கள். வழியும் பாதையும் சூடாக இருந்தால்தான் கோடு நீளும். முழுக் கேன்வாஸுக்கும் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். இடையில் டிரையர் தானாக நின்றுவிட்டால் பதற வேண்டாம். உள்ளே இருக்கும் வெப்பத் தடுப்பு வேலை செய்கிறது என்று அர்த்தம். பின்பக்க வலையில் சிக்கியிருக்கும் முடியையும் தூசியையும் எடுத்துவிட்டு, பத்து நிமிடம் ஆறவிட்டுத் தொடருங்கள்.

நீங்கள் நினைத்த இடத்துக்கு இரண்டு விரற்கடை முன்பே சூட்டை நிறுத்துங்கள். டிரையரை எடுத்த பிறகும் மெழுகு சிறிது தூரம் ஓடும். முடிந்ததும் கேன்வாஸைத் தரையில் படுக்கவைத்து ஒரு மணி நேரம் தொடாமல் விடுங்கள்.

முக்கால் மணி நேரம் டிரையர் பிடித்தேன். க்ரேயான் லேசாகப் பளபளத்ததே தவிர ஒரு சொட்டுகூட வழியவில்லை. டிரையர் சரியில்லையா? – வாசகர், மதுரை

டிரையர்மேல் பழி போடுமுன் டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். நம் ஊர் ஸ்டேஷனரி கடையில் 'க்ரேயான்' என்று கேட்டால் மூன்று விதமான பொருள் கைக்கு வரும்: மெழுகு க்ரேயான், ஆயில் பாஸ்டல், பிளாஸ்டிக் க்ரேயான். இந்த வேலைக்கு முதலாவது மட்டும்தான் ஆகும்.

மெழுகு க்ரேயானில் இருப்பது பாரஃபின் மெழுகும் நிறமியும். 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது இளகத் தொடங்கி, 50 முதல் 65 டிகிரிக்குள் உருகிவிடும். ஹேர் டிரையரின் சூடு அதற்குத் தாராளமாகப் போதும். பிளாஸ்டிக் க்ரேயான் உடையாமலும் கையில் ஒட்டாமலும் இருப்பதற்காகப் பிளாஸ்டிக் பிசின் சேர்த்துக் கடினமாக்கப்பட்டது. அதை உருக்கும் சூடு டிரையரில் வராது. ஆயில் பாஸ்டலில் காயாத எண்ணெய் கலந்திருப்பதால் சூட்டில் குழைந்து களிம்பாகும், ஆனால் ஓடாது. ஆறிய பிறகும் தொட்டால் கையில் ஈஷும். தூசி ஒட்டினால் போகாது.

வாங்கியது எது என்று தெரியாவிட்டால் ஒரு சோதனை. அலுமினியத் தாளைச் சிறு கிண்ணமாக மடித்து, அதில் விரல்நுனி அளவு க்ரேயான் துண்டைப் போட்டு, அப்போதுதான் கொதித்து இறக்கிய தண்ணீரில் மிதக்கவிடுங்கள். மெழுகு க்ரேயான் மூன்று நான்கு நிமிடத்தில் தண்ணீராகிவிடும். பாஸ்டல் கூழாகும். பிளாஸ்டிக் க்ரேயான் வடிவம் மாறாமல் அப்படியே கிடக்கும்.

உருகியும் திப்பித்திப்பியாக நிற்கிறது, அடியில் மாவு படிகிறது என்றால் அது மெழுகு க்ரேயான்தான். ஆனால் சுண்ணப்பொடி, களிமண் போன்ற நிரப்பிகள் அதிகம் சேர்த்த மலிவு ரகம். பிள்ளைகள் கிறுக்க அது போதும். இதற்குச் சற்று விலை கூடிய டப்பாவாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு டப்பா வாங்கிச் சோதித்துவிட்டு மீதியை வாங்குவது புத்திசாலித்தனம்.

வானவில்லாக வரும் என்று பார்த்தால், கீழே இறங்க இறங்க எல்லாம் சாணி நிறமாகிவிட்டது. – வாசகி, கும்பகோணம்

இரண்டு எதிர்நிறங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கும். சிவப்பும் பச்சையும், மஞ்சளும் ஊதாவும், நீலமும் ஆரஞ்சும் உருகிய நிலையில் கலந்தால் பழுப்புதான். டப்பாவில் அடுக்கியிருக்கும் வரிசையிலேயே ஒட்டுகிறவர்களுக்கு இது நிச்சயம் நடக்கும். அந்த வரிசை இந்த வேலைக்காகப் போட்டதல்ல.

36 க்ரேயானுக்கு இப்படி அடுக்கிப் பாருங்கள்: இளஞ்சிவப்பு 3, சிவப்பு 4, ஆரஞ்சு 4, மஞ்சள் 5, இளம்பச்சை 4, பச்சை 4, வான்நீலம் 4, நீலம் 4, ஊதா 4. ஒரே நிறத்தில் நான்கு கிடைக்காது. அந்தக் குடும்பத்தின் வெவ்வேறு சாயல்களைச் சேர்த்துக்கொள்ளலாம், அதுவே இன்னும் அழகு. அடுத்தடுத்த நிறங்கள் கலந்தாலும் நடுவில் நல்ல நிறமே பிறக்கும். மஞ்சளுக்கு ஒன்று அதிகம் கொடுத்ததற்குக் காரணம், எந்த நிறம் மேலே பட்டாலும் முதலில் காணாமல்போவது அதுதான். எதிர்நிறங்கள் அடுத்தடுத்து வந்தே ஆக வேண்டும் என்றால் நடுவில் இரண்டு வெள்ளை வையுங்கள்.

கறுப்பும் அடர் பழுப்பும் வேண்டவே வேண்டாம் என்பது எங்கள் கட்சி. ஒரு கறுப்புச் சொட்டு தப்பான இடத்தில் விழுந்தால் ஒரு சாண் அகலத்துக்கு அழுக்காகும்.

இன்னொன்று: ஒரே டப்பாவிலும் எல்லா நிறமும் ஒரே வேகத்தில் ஓடாது. ஒவ்வொன்றிலும் நிறமியின் அளவும் தன்மையும் வேறு. முந்தி ஓடும் நிறத்துக்குச் சூட்டைக் குறைத்து, பின்தங்குவதற்குக் கூட்டிக் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு சூடு காட்டினால் ஒன்று அடிவரை போயிருக்கும், இன்னொன்று பாதியில் நிற்கும்.

செய்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. மெழுகு ஏடு ஏடாகப் பெயர்ந்து விழுகிறது. மேலே வெள்ளையாகப் பூத்தும் இருக்கிறது. – வாசகர், கோயம்புத்தூர்

இரண்டும் வேறு வேறு விஷயங்கள். வெள்ளைப் பூப்பு ஒன்றும் கெடுதல் இல்லை. மெழுகின் மேற்பரப்பில் வரும் ஒருவித மங்கல். பழைய மெத்தென்ற பருத்தித் துணியால் லேசாகத் தேய்த்தால் பளபளப்பு திரும்பிவிடும்.

பெயர்வதுதான் கவனிக்க வேண்டியது. பாரஃபின் ஆறும்போது சுருங்கும். ஆறிய பிறகு வளையாது, முறியும். அடியில் இருக்கும் பரப்பு வழவழப்பாக இருந்தாலோ, தொட்டால் அமுங்குவதாக இருந்தாலோ அது பிடிவிடும். கேன்வாஸ் இரண்டுக்கும் இடம்கொடுக்கிறது. அதில் பூசியிருக்கும் வெள்ளை அக்ரிலிக் பூச்சு மெழுகை உள்ளே இழுக்காது; துணி விரலால் அழுத்தினால் உள்வாங்கும். அதற்கு மேல் எனாமல் பெயின்டும் அடித்துவிட்டுச் செய்திருந்தால் மூன்று மாதம் நின்றதே அதிகம்.

நிலைத்து நிற்க வேண்டுமென்றால் 6 மி.மீ. எம்.டி.எஃப். பலகை அல்லது பிளைவுட் வாங்குங்கள். பெயின்ட் அடிக்காமல், 120 எண் உப்புத்தாளால் தேய்த்துத் தூசியைத் துடைத்துவிடுங்கள். வெள்ளைப் பின்னணி வேண்டுமானால் கெட்டியான டிராயிங் தாளைப் பலகையின் மேல் சுருக்கமில்லாமல் ஒட்டி, முழுக்கக் காயவிட்டு, அதன் மேல் செய்யலாம். தாள் மெழுகை உறிஞ்சிக்கொள்ளும், பிடிப்பு நன்றாக இருக்கும். கேன்வாஸ்தான் வேண்டும் என்றால் பின்பக்க மரச்சட்டத்துக்குள் இறுக்கமாகப் பொருந்தும்படி தடித்த அட்டையை வெட்டிச் செருகுங்கள், துணி அமுங்காது.

எந்தப் பரப்பானாலும் முதல் சொட்டு விழுவதற்கு முன் அதை டிரையரால் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். குளிர்ந்த பரப்பில் விழும் மெழுகு தொட்ட நொடியில் உறைந்து, மேலே உட்கார்ந்திருக்குமே தவிர ஒட்டியிருக்காது. ஒன்றின் மேல் ஒன்றாக வழியவிட்டு 3 மி.மீ.க்கு மேல் தடிமன் ஏற்றாதீர்கள்.

இப்போது பெயர்ந்த ஏட்டைத் தூக்கிப் போட வேண்டாம். இருந்த இடத்திலேயே வைத்து, விளிம்பு மினுங்கும்வரை சூடு காட்டுங்கள். அடியிலும் உருகிப் பிடித்துக்கொள்ளும். பலகையைப் படுக்கவைத்துச் செய்யுங்கள், இல்லாவிட்டால் வழியத் தொடங்கிவிடும்.

எங்கள் ஊர் வெயிலில் இது சுவரில் நிற்குமா, வழிந்துவிடுமா? – வாசகி, வேலூர்

நியாயமான பயம். அக்னி நட்சத்திர நாட்களில் நிழலிலேயே 40 டிகிரி அடிக்கும் ஊரில், க்ரேயான் இளகும் எல்லைக்குப் பக்கத்திலேயே இருக்கிறோம். நிழல் விழும் அறைச் சுவரில் வழியாது. ஆனால் மேலே ஒட்டியிருக்கும் முழுக் க்ரேயான்கள் இளகிக் கொஞ்சம் வளையலாம். நேர் வெயில் படும் இடம் என்றால் கதை வேறு. அடர் நிறங்கள் வெயிலை அதிகம் உறிஞ்சும். நீலமும் ஊதாவும் இளகிய பிறகும் பக்கத்திலிருக்கும் மஞ்சள் கெட்டியாகவே இருக்கும்.

ஆகவே மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் வேண்டாம். தகரக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடுகளில் கூரையை ஒட்டி மாட்ட வேண்டாம். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் மதியம் சுவரைத் தொட்டுப் பாருங்கள்; உள்ளங்கைக்குச் சுட்டால் அந்தச் சுவரை விட்டுவிடுங்கள். டி.வி.க்கு மேலே, இன்வெர்ட்டர் பக்கத்தில், பூஜை விளக்குக்கு மேலே என்பதெல்லாமும் கூடாது. வடக்குச் சுவர், அல்லது வெயில் எட்டாத நடைபாதைச் சுவர் நல்லது.

வெயிலால் இன்னொரு சேதமும் உண்டு, அது மெதுவாக நடக்கும். பள்ளிக் க்ரேயானில் போடும் நிறமிகள் வெளிச்சத்தில் வருடக்கணக்காகத் தாங்குவதற்காகத் தேர்ந்தெடுத்தவை அல்ல. பளிச்சென்ற ஃப்ளோரசன்ட் நிறங்கள்தான் முதலில் வெளிறும்.

வேனிலில் வாசலுக்கு அருகே வைத்தே தீர வேண்டும் என்பவர்கள், முழுக் க்ரேயான்களை மேலே நிறுத்தும் பாணியை விட்டுவிட்டு, வழிந்த மெல்லிய படலத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம். வேலை முடிந்ததும், சற்றுச் சூடு இருக்கும்போதே, மேலே மிஞ்சிய அடிக்கட்டைகளைப் பெயர்த்து எடுத்துவிடுங்கள். கனம் இல்லாத மெழுகு இளகினாலும் இறங்காது.

மேலே வார்னிஷ் அடித்தால் உருகாமல் இருக்குமா? – வாசகர், சேலம்

இருக்காது. மேலே எதைப் பூசினாலும் உள்ளே இருக்கும் மெழுகு உருகும் சூடு மாறப்போவதில்லை. தண்ணீர் கலந்த வார்னிஷ் மெழுகின் மேல் ஒட்டாமல் திரளும். தின்னர் கலந்தது மெழுகையே கரைக்கும். காசைச் சேர்த்துவைத்து பாக்ஸ் ஃபிரேம் போடுங்கள். கண்ணாடி மெழுகைத் தொடாமல் குறைந்தது ஒன்றரை செ.மீ. இடைவெளி வேண்டும் என்று ஃபிரேம் கடையில் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

மழையில் குடை பிடித்து நிற்கும் ஜோடி, அவர்களைச் சுற்றி வண்ணங்கள் வழியும் படம் பார்த்தேன். குடைக்குள் ஒரு சொட்டுகூட இல்லை. எப்படி? – வாசகி, யாழ்ப்பாணம்

மறைப்புதான். உருவத்தையும் குடையையும் சேர்த்த வெளிக்கோட்டை, புத்தக அட்டைக்கு ஒட்டும் பிசின் தாளில் வரைந்து வெட்டி கேன்வாஸில் ஒட்டுங்கள். குடையின் கீழே மழை விழாத பகுதியையும் சேர்த்தே மூட வேண்டும். பலர் குடையை மட்டும் மூடிவிட்டு மெழுகு ஆளின் தோள்மேல் வழிவதைப் பார்த்துத் தவிக்கிறார்கள். விளிம்பை நகத்தால் அழுத்தித் தேய்க்காவிட்டால் உருகிய மெழுகு அடியில் புகுந்துவிடும்.

எடுக்கும் நேரம்தான் முக்கியம். மெழுகு முழுக்க ஆறிய பிறகு இழுத்தால் விளிம்பு சில்லு சில்லாக உடையும். சுடச்சுட இழுத்தால் நூலாக நீளும். தொட்டால் கையில் ஒட்டாத, நகம் வைத்தால் பதியும் பதத்தில், புது பிளேடால் விளிம்பு நெடுகக் கீறிவிட்டு மெல்ல உரியுங்கள். நேரம் தவறி இறுகிவிட்டால் விளிம்பில் மட்டும் சில வினாடி டிரையர் காட்டி அந்தப் பதத்துக்குக் கொண்டுவரலாம். உருவத்துக்குக் கறுப்பு அக்ரிலிக் வண்ணம் தீட்டுவதாக இருந்தால் மறைப்பு ஒட்டுவதற்கு முதல் நாளே தீட்டிக் காயவைத்துவிடுங்கள். மெழுகு விழுந்த பிறகு அதன் மேல் அக்ரிலிக் நிற்காது.

தச்சரிடம் ஹீட் கன் இருக்கிறது. அதில் சீக்கிரம் முடியுமே? என் 7 வயது மகளும் கூடச் செய்ய ஆசைப்படுகிறாள். – வாசகர், ஓசூர்

சீக்கிரம்தான். ஆனால் ஹீட் கன்னின் காற்று 300 டிகிரியிலிருந்து 600 டிகிரிவரை போகும். பாரஃபின் 200 டிகிரியை ஒட்டிய சூட்டில் தீப்பிடிக்கக்கூடிய ஆவியைக் கிளப்பும். அதற்கு முன்பே புகைந்து கண்ணையும் தொண்டையையும் அரிக்கும். பழகியவர் என்றால் மிகக் குறைந்த அளவில் வைத்து, 20 செ.மீ.க்குக் குறையாமல் தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருங்கள். இழைபோல் புகை வந்தால்கூட உடனே விலக்குங்கள். எரியும் மெழுகில் தண்ணீர் ஊற்றினால் வெடித்துச் சிதறும். தட்டோ மூடியோ போட்டு மூடித்தான் அணைக்க வேண்டும். மெழுகுவத்திச் சுடரில் க்ரேயானைக் காட்டிச் சொட்டவிடுவது இன்னும் மோசம், கரி படிந்து எல்லா நிறமும் மங்கும்.

மகளுக்கு நிறங்களைத் தேர்ந்தெடுப்பது, அடுக்குவது, காகிதம் உரிப்பது என்று வேலை நிறைய இருக்கிறது. குளூ கன்னும் டிரையரும் உங்கள் கையில் இருக்கட்டும். வீட்டில் யாருக்காவது மூச்சிரைப்பு இருந்தால் அவர்கள் அந்த நேரத்தில் வேறு அறையில் இருப்பது நல்லது.

உருகிய மெழுகு தோலில் பட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். மெழுகைப் பிய்த்தெடுக்காதீர்கள், தோலும் சேர்ந்து வரும். இங்க், பற்பசை, மாவு எதுவும் வேண்டாம், ஐஸ் கட்டியும் வேண்டாம். கொப்புளம் வந்தாலோ மெழுகு தோலோடு ஒட்டிக்கொண்டாலோ மருத்துவரிடம் போங்கள்.

டிரையர் இல்லை. இஸ்திரிப் பெட்டியில் செய்ய முடியுமா? – வாசகி, புதுக்கோட்டை

முடியும், சொல்லப்போனால் முதன்முதலாகச் செய்பவர்களுக்கு இதுவே சுலபம், மலிவும்கூட. பென்சில் துருவியில் க்ரேயானைச் சீவுங்கள். ஏ4 அளவுக்கு ஒன்றரை க்ரேயான் துருவல் போதும். பட்டர் பேப்பரை இரண்டாக மடித்து உள்ளே துருவலைத் தூவுங்கள், விளிம்பில் இரண்டு விரல் அகலம் காலியாக விட்டு. அடியில் செய்தித்தாள் நான்கு அடுக்கு, மேலே ஒரு அடுக்கு. இஸ்திரிப் பெட்டி மிகக் குறைந்த சூட்டில், நீராவி இல்லாமல். தேய்க்காதீர்கள், வைத்து, ஐந்து எண்ணி, எடுத்து, அடுத்த இடத்தில் வையுங்கள். இழுத்துத் தேய்த்தால் எல்லா நிறமும் ஒரே பக்கமாகப் போய்க் கலங்கும். துருவலைக் கொட்டிக் குவித்தாலும் அதே கதிதான். இடையிடையே காகிதம் தெரிய வேண்டும்.

ஆறியதும் பிரிக்காமல் அப்படியே இலை, மீன், நட்சத்திரம் என்று வெட்டி, கறுப்பு அட்டையில் சாளரம் போல வெட்டிய இடத்துக்குப் பின்னால் ஒட்டினால் வெளிச்சத்தில் வண்ணக் கண்ணாடி மாதிரி தெரியும்.

இது வெறும் இணைய மோகமா, இல்லை மெழுகில் ஓவியம் என்று ஒரு மரபு உண்டா? – வாசகர், சென்னை

க்ரேயானை வரிசையாக ஒட்டி வழியவிடுவது புதுசு. மெழுகில் வண்ணம் குழைத்துச் சூட்டால் ஓவியம் தீட்டுவது மிகப் பழையது, என்காஸ்டிக் என்பார்கள். எகிப்தின் ஃபாயூம் பகுதியில், ரோமானியர் ஆட்சிக் காலத்தில், இறந்தவர்களின் முகத்தை மரப்பலகையில் தீட்டி மம்மியோடு சேர்த்துக் கட்டினார்கள். அவற்றில் பல தேன்மெழுகில் தீட்டியவை. கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகளைச் சேர்ந்த அந்த முகங்கள் இன்றும் நிறம் குன்றாமல் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அமெரிக்க ஓவியர் ஜாஸ்பர் ஜான்ஸ் 1954–55இல் தீட்டிய அமெரிக்கக் கொடி ஓவியமும் என்காஸ்டிக்தான். அதில் துணியை பிளைவுட்டின் மேல் ஒட்டியே வேலை செய்திருக்கிறார். மெழுகுக்குக் கெட்டியான அடித்தளம் வேண்டும் என்று மேலே சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

அவர்கள் பயன்படுத்தியது பாரஃபின் அல்ல, தேன்மெழுகு. பாரஃபினைப் போல முறியாமல் கொஞ்சம் இழுத்துக்கொடுக்கும். இன்றைய என்காஸ்டிக் ஓவியர்கள் அதோடு டாமர் என்ற மரப்பிசினைச் சேர்த்துக் கெட்டியாக்குகிறார்கள். சுவாமிமலை ஸ்தபதிகள் சிலைக்கு மெழுகு பிடிக்கும்போது தேன்மெழுகில் குங்கிலியம் சேர்ப்பதும் அதே மாதிரியான வேலைதான். குழந்தைகளின் க்ரேயான் இதற்கெல்லாம் பின்னால் வந்தது. அமெரிக்காவில் க்ரயோலா டப்பா 1903இல் 8 நிறங்களோடு 5 சென்ட்டுக்கு வந்தது.

என்காஸ்டிக்காரர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள ஒரு பழக்கம் உண்டு: ஒவ்வொரு அடுக்கு ஏறியதும் அதன் மேல் லேசாகச் சூடு காட்டி, கீழ் அடுக்கோடு உருகி ஒன்றாகச் செய்வது. க்ரேயானிலும் இதைச் செய்தால் ஏடு பிரிவது வெகுவாகக் குறையும்.

மிச்சத் துண்டுகளை இட்லித் தட்டில் ஊற்றிப் புது க்ரேயான் செய்யலாமா? மெழுகுவத்தி செய்யலாமா? – வாசகி, ஈரோடு

இட்லித் தட்டை விட்டுவிடுங்கள், பாவம். சாப்பாட்டுப் பாத்திரம் எதையும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது. குழியில் ஒட்டிய மெழுகு முழுசாகப் போகாது. சிலிகான் அச்சு மலிவாகவே கிடைக்கிறது, அதை இதற்கென்றே ஒதுக்குங்கள். காகிதம் உரித்து ஒரு செ.மீ. துண்டுகளாக உடைத்து, பழைய டின்னில் போட்டு, டின்னைக் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி அச்சில் ஊற்றலாம். நேரடியாக அடுப்பில் வேண்டாம். ஊற்றுமுன் குச்சியால் கலக்குங்கள். நீண்ட நேரம் உருகிய நிலையில் விட்டால் நிறமி அடியில் தங்கி, மேலே நிறமில்லாத மெழுகுதான் வரும்.

மெழுகுவத்திக்கு ஆகாது. க்ரேயானின் நிறமி எரியாமல் திரியை அடைத்துக்கொள்ளும்; சுடர் சுருங்கி அணையும்.

மொசைக் தரையிலும் பாவாடையிலும் சொட்டிவிட்டது. – வாசகி, நாகர்கோவில்

துடைக்காதீர்கள், உறையவிடுங்கள். தரையில் பழைய ஏ.டி.எம். அட்டையால் சுரண்டி, வெந்நீரில் நனைத்த துணியும் பாத்திரம் துலக்கும் திரவமும் போட்டுத் தேய்த்தால் போகும். துணியை ஃபிரீசரில் அரை மணி நேரம் வைத்துச் சுரண்டிவிட்டு, கறையின் மேலும் கீழும் டிஷ்யூ தாள் வைத்துக் குறைந்த சூட்டில் இஸ்திரி போடுங்கள். தாள் மெழுகை உறிஞ்சும். கறை படாத தாளாக வரும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள். மிஞ்சும் நிறத்துக்குப் பாத்திரம் துலக்கும் திரவம் தடவி ஊறவைத்து அலசலாம். உருகிய மெழுகையோ அதைக் கழுவிய வெந்நீரையோ சிங்க்கில் ஊற்றாதீர்கள், குழாய்க்குள் போய் உறைந்துவிடும்.

செய்ததை டெல்லியில் இருக்கும் அக்காவுக்கு கூரியரில் அனுப்பலாமா? – வாசகர், திருநெல்வேலி

நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் என்றால் அனுப்பலாம். மற்ற மாதங்களில் வேண்டாம். வெயிலில் நிற்கும் மூடிய வண்டிக்குள் 60 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். மெழுகுப் பக்கத்தில் பட்டர் பேப்பரை வையுங்கள். குமிழி உறையை நேரடியாக மெழுகின் மேல் சுற்றினால் குமிழியின் அச்சு பதிந்துவிடும். நான்கு மூலையிலும் தெர்மோகோல் துண்டு ஒட்டி, பெட்டியின் மூடி மெழுகைத் தொடாதபடி உயர்த்துங்கள். அக்கா பெட்டியைப் பிரித்ததும் உடனே மாட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். டெல்லிக் குளிரில் மெழுகு கண்ணாடிபோல் உடையும் நிலையில் இருக்கும். அறைச் சூட்டுக்கு வர இரண்டு மூன்று மணி நேரம் கொடுத்து, பிறகு ஆணியில் மாட்டட்டும்.